தேங்க்ஸ் சொல்லக்கூடாத வைத்தியம்: அயர்லாந்து கிராமத்துல "க்யூர்" வச்சிருக்கறவங்க

27 ஜனவரி 2024 – வாசகர் கேள்வி

அயர்லாந்துல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க. கக்குவான் இருமல் வந்தா புள்ளைய கழுதை வயித்துக்கு அடியில நுழைச்சு எடுப்பாங்களாம், மாட்டுக்கு வயித்து வலின்னா முதுகு மேல கயித்துல முடிச்சு போடுவாங்களாம். சுத்த மூடநம்பிக்கை, இந்தக் காலத்துல அங்க யாரும் செய்ய மாட்டாங்கன்னு நான் சொல்றேன். தப்புன்னா திருத்துங்க.

28 ஜனவரி 2024, காலை

தப்பு. இப்பவும் செய்யறாங்க. நான் கேவன் கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) பதினோரு வருஷமா இருக்கேன், முதியோர் இல்லத்துல வேலை. வந்த முதல் வருஷமே காதுல விழுந்த வார்த்தை "க்யூர்". இங்க "அவருக்கு வைத்தியம் தெரியும்"னு சொல்ல மாட்டாங்க, "அவர் கிட்ட க்யூர் இருக்கு"ன்னு தான் சொல்வாங்க, நிலம் இருக்கு மாடு இருக்குங்கற மாதிரி. அதுவும் ஒருத்தர் கிட்ட பெரும்பாலும் ஒரே ஒரு நோவுக்கு தான் இருக்கும். இந்த வீட்டுல படர்தாமரைக்கு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுல மஞ்சக்காமாலைக்கு, இன்னொருத்தர் கிட்ட தீக்காயத்துக்கு. அம்மா பையனுக்கு சொல்லிக் குடுப்பாங்க, பையன் அவன் பொண்ணுக்கு.

என் பையனுக்கே நடந்தது. பக்கத்து பண்ணைல கன்னுக்குட்டிக்கு பால் பாட்டில் புடிக்கப் போவான், அதுங்க கிட்ட இருந்து முழங்கைக்கு கீழ படர்தாமரை ஒட்டிக்கிச்சு. டாக்டர் க்ரீம் எழுதிக் குடுத்தார். பண்ணைக்காரம்மா சொன்னாங்க, க்ரீமையும் போடு, அந்தம்மா கிட்டயும் கூட்டிட்டு போ, திங்கள் வியாழன் திங்கள்னு மூணு தடவை, காசு குடுக்காத, தேங்க்ஸ்னு வாயே தொறக்காத. போனோம். சாதாரண சமையக்கட்டு தான். அந்தம்மா ரேடியோவ நிறுத்திட்டு நாய வெளிய விட்டுட்டு கைய தொடச்சுக்கிட்டு வந்து உக்காந்தாங்க. கல்யாண மோதிரத்த கழட்டறதுக்கே கஷ்டப்பட்டாங்க, விரல் மூட்டு வீங்கிப் போயிருந்துச்சு. அந்த மோதிரத்தால படர்தாமரைய சுத்தி மூணு வட்டம், உதடு மட்டும் அசையுது, சத்தம் வரல. கடைசில அது மேல ஊதினாங்க. வீட்டுல என்ன வேண்டணும்னு கேட்டேன், "உங்க சாமி யாரோ அவரையே வேண்டிக்கோங்க"ன்னாங்க.

பஸ் டிரைவருக்குக் கூட இறங்கும்போது தேங்க்ஸ் சொல்ற ஊரு இது. அந்த வீட்டு வாசல்ல மட்டும் எல்லாரும் வாய மூடிக்கிட்டு வராங்க. எனக்கு சும்மா வர மனசு வரல, தமிழ்ல "போயிட்டு வரேன்"னு சொன்னேன். அந்தம்மா தலைய ஆட்டுனாங்க. நம்ம வீட்டுல பாட்டிக்கு யாரு நன்றி சொல்றா, போயிட்டு வரேன்னு தானே சொல்வோம்.

28 ஜனவரி 2024, ராத்திரி

க்ரீமா க்யூரான்னு எல்லாரும் கேப்பீங்க. மூணு வாரத்துல போயிடுச்சு, எதால போச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். கன்னுக்குட்டிக்கு வர படர்தாமரை ரெண்டு மூணு மாசத்துல தானாவே ஆறிடும்னு மாட்டு டாக்டருங்க சொல்வாங்க. இதையும் சேர்த்தே வச்சுக்கோங்க.

1 பிப்ரவரி 2024

இன்னைக்கு செயின்ட் பிரிஜிட் நாள், அயர்லாந்துல கும்பிடற ஒரு பெண் புனிதரோட நாள். நேத்து ராத்திரி எங்க தெருவுல பாதி வீட்டு வேலி மேல துணி தொங்குச்சு, மழைல நனைஞ்சுக்கிட்டே. கைக்குட்டை, ஸ்கார்ஃப், ஒரு வீட்டுல டவல். ஜனவரி 31 ராத்திரி பிரிஜிட் அம்மா ஊரச் சுத்தி வரும்போது அந்தத் துணிய தொட்டுட்டு போவாங்கன்னு நம்பிக்கை, அதுக்கு பேரு ப்ரட் ப்ரீஜ, பிரிஜிட்டோட போர்வை. காலைல எடுத்து மடிச்சு வச்சுப்பாங்க. தலைவலின்னா அத நெத்தில கட்டிக்கறது, கன்னு போட கஷ்டப்படற பசு முதுகுல விரிக்கறது. இங்க மாடு கன்னு போடற சீசன் இப்ப தான் ஆரம்பிக்குது, அதனால பிரிஜிட் கிட்ட மாட்டுக்காரங்களுக்கு தனி உரிமை. கோரைப்புல்லுல சிலுவை பின்னி கொட்டகை வாசல்லயும் சொருகுவாங்க. 2023ல இருந்து அரசாங்கமே இதுக்கு லீவு விடுது.

எங்க இல்லத்துல ஒரு பாட்டி, தொண்ணூறு தாண்டினவங்க, யார் கிட்டயும் பேச மாட்டாங்க. நேத்து அவங்க தலையணை உறைய ஜன்னலுக்கு வெளிய கட்டி விடச் சொன்னாங்க. கட்டி விட்டேன். இன்னைக்கு காலைல அத கன்னத்துல வச்சுக்கிட்டு படுத்திருந்தாங்க, ஈரம் காயல.

4 பிப்ரவரி 2024

கழுதை விஷயத்துக்கு வரேன். உண்மை தான். கழுதை முதுகுல சிலுவை மாதிரி கோடு இருக்கும், ஏசு ஏறிப் போன மிருகம்னு மரியாதை, கக்குவான் இருமல் புள்ளைய அது வயித்துக்கு அடியில மூணு தடவை நுழைச்சு எடுப்பாங்க. வேற வழியும் இருக்கு: வெள்ளைக் குதிரைல போறவர வழி மறிச்சு "கக்குவானுக்கு என்ன மருந்து"ன்னு கேக்கணும், அவர் வாய்ல என்ன வருதோ அத செய்யணும். இல்லன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே புருஷனோட குடும்பப் பேரே தன் பேராவும் இருந்த பொம்பளை கையால ரொட்டி வாங்கித் தின்னணும். பொன்னுக்கு வீங்கின்னா புள்ளை தலைல கழுதையோட முகக்கயித்த மாட்டி பன்னிக் கொட்டகைக்கு ஓட்டிட்டு போய், பன்னி மேல தலைய தேய்ச்சு "பன்னியே பன்னியே, வீக்கத்த நீ எடுத்துக்கோ"ன்னு ஐரிஷ்ல சொல்வாங்க. கண்கட்டிக்கு நெல்லிச்செடி முள்ளு, நம்ம நெல்லி இல்ல, கூஸ்பெரி. பத்து முள்ளு ஒடிச்சு ஒண்ண தூக்கிப் போட்டுட்டு மிச்ச ஒம்போதையும் ஒவ்வொண்ணா கட்டிய பாத்து நீட்டணும், குத்தக்கூடாது. அப்பா செத்தப்புறம் பொறந்த புள்ளை, அப்பன் முகமே பாக்காதது, அது ஊதினா கைக்குழந்தை வாய்ல வர வெள்ளைப் படலம் போயிடும். நத்தைய மரு மேல தேய்ச்சு முள்ளுல குத்தி வச்சா, நத்தை காய காய மரு காயும். அக்கிக்கு கியோங்கற குடும்பப் பேர் உள்ளவங்க ரத்தம் ஒரு சொட்டு. இந்த ரத்த வைத்தியத்த நான் பாத்ததில்ல, பாத்தா தடுப்பேன்.

இதெல்லாம் நமக்குக் கிடைச்சது புள்ளைங்களால. 1937ல இருந்து 1939 வரைக்கும் ஐரிஷ் ஃபோக்லோர் கமிஷன் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிக்கூடத்துல பெரிய வகுப்பு புள்ளைங்கள வீட்டுல தாத்தா பாட்டி கிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க. கிட்டத்தட்ட 7,40,000 பக்கம் சேந்துச்சு. டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜ்ல இருக்கு, டூகஸ்ங்கற சைட்ல ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, கையெழுத்தோட பாக்கலாம். "உள்ளூர் மருந்து"ங்கற தலைப்புக்கு கீழ ஒரு பன்னெண்டு வயசுப் புள்ளை கோடு போட்ட நோட்டுல எழுதியிருக்கறத படிச்சா ராத்திரி தூக்கம் போயிடும், ஒண்ணு படிச்சா அடுத்தது இழுக்கும். எல்லா ஊரும் அதுல கிடைக்கும், போகோங்கற ஊர்ல நோவ ஆத்தும்னு நம்பற பாதிரியார் சமாதி மண்ணு பத்தியும் தேடிப் பாருங்க.

11 பிப்ரவரி 2024

ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க, மரு, கக்குவான், கண்கட்டி எல்லாமே காலம் ஆனா தானா போறது தானே, அதான் க்யூர் "வேலை செய்யுது"ன்னு. ஒத்துக்கறேன், நானும் அப்படித்தான் நெனச்சேன். கக்குவானுக்கே நூறு நாள் இருமல்னு பேரு. ஆனா அதோட முடிச்சுட்டா பாதிய விட்டுடறோம், ஏன்னா மூலிகைன்னு ஒரு பெரிய பக்கம் இருக்கு, அதுல கை வச்சு பாத்துப் பாத்து கண்டுபுடிச்ச அறிவு இருக்கு. ஐரிஷ்ல லுஸ்னா செடி. காம்ஃப்ரி செடிக்கு பேரே லுஸ் நா க்னாவ் ப்ரிஷ்தெ, ஒடஞ்ச எலும்போட செடி, வேர அரைச்சு வீக்கத்துக்கு பத்து போடுவாங்க. (உள்ளுக்கு குடிக்காதீங்க, ஈரல கெடுக்கும்.) வெட்டுக்காயத்துக்கு ஸ்லான்லுஸ், வரப்புல முளைக்கற வாழைப்பூண்டு இலை, மென்னு வச்சு கட்டினா ரத்தம் நிக்கும்பாங்க. சதுப்பு நிலத்துல வளர்ற ஸ்ஃபாக்னம் பாசிய முதல் உலகப் போர்ல மூட்டை மூட்டையா அள்ளி காயத்துக்கு பஞ்சுக்கு பதிலா அனுப்பினாங்க, தன் எடைய போல இருபது மடங்கு தண்ணி இழுக்கும். காசநோய்க்கு முல்லன் இலைய பால்ல கொதிக்க வச்சு குடிப்பாங்க, அதுக்காகவே தோட்டத்துல பயிர் பண்ணியிருக்காங்க.

நெஞ்சு சளிக்கு கேரகீன், கடல் பாசி. எனக்கு போன வருஷம் இருமல் வந்தப்ப வேலை செய்யற இடத்து சமையக்காரம்மா போட்டுக் குடுத்தாங்க. காஞ்சு சுருண்ட ஊதா நிறப் பாசிய ஒரு கைப்பிடி கழுவி பால்ல மெதுவா கொதிக்க விட்டா கரண்டில ஒட்டற மாதிரி கொழகொழன்னு வரும், வடிகட்டி தேனும் எலுமிச்சையும். தொண்டைல இறங்கும்போதே இதமா இருந்துச்சு. ருசி கடல் வாசனையோட பாயசம்.

12 பிப்ரவரி 2024

தீக்காய க்யூர் எப்படி வருதுன்னு ஒருத்தர் கேட்டீங்க. குளத்துல இருக்கற நியூட், பல்லி மாதிரி ஒண்ணு, அத நாக்கால நக்கணும். நக்கினவங்க நாக்குக்கு காலம் பூரா தீப்புண்ண ஆத்தற சக்தி. எங்க இல்லத்து தாத்தா ஒருத்தர் ஏழு வயசுல அண்ணன் சொல்லி நக்கினாராம். நாக்க நீட்டி காட்டினார், "இன்னும் இருக்கு, வேணும்னா சொல்லு"ன்னார்.

25 பிப்ரவரி 2024

முடிச்சப் பாத்துட்டேன்! எங்க பக்கத்து பண்ணைப் பெரியவர், எண்பத்தி நாலு வயசு. அவர் அப்பா கிட்ட மாட்டு வயித்து வலிக்கு க்யூர் இருந்துச்சு, ஐரிஷ்ல ஸ்னைம் நா பேஷ்தெ, புழுவோட முடிச்சு. வைக்கோல் கட்டற நீல நைலான் கயிறு ஒரு முழத்துக்கு மேல எடுத்தார். பசு பக்கத்துல நின்னு அது முதுகெலும்புக்கு மேல கயித்த புடிச்சு, ஒரு வளையம், அதுக்குள்ள இன்னொரு வளையம், ரெண்டையும் பின்னி, பாக்க பயங்கர சிக்கலா இருக்கு. பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொல்லிக்கிட்டே ரெண்டு முனையையும் வெடுக்குன்னு இழுத்தார். கயிறு நேரா நின்னுச்சு. முடிச்சே இல்ல. மூணு தடவை செய்யணும், மூணு தடவையும் வழுக்கிட்டு வந்தா மாடு பொழைக்கும், உள்ள முறுக்கிக்கிட்டு கிடக்கற குடலும் அப்படியே அவிழும். நடுவுல சிக்கிக்கிச்சுன்னா மாடு போயிடும்னு அர்த்தம்.

அந்தப் பசுவுக்கு ஒண்ணும் இல்ல, எனக்காக செஞ்சு காட்டினது. ஆனா அவர் கை நடுங்கினத பாத்தேன். சின்ன வயசுல அப்பா முடிச்சு போடறப்ப மூணாவது தடவை கயிறு சிக்கினத பாத்திருக்காராம், அவங்க வீட்டுல இருந்ததே ரெண்டு பசு தான். "அன்னைக்கு அப்பா வீட்டுக்குள்ள வரவே இல்ல"ன்னு சொல்லிட்டு கயித்த சுருட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டார்.

26 பிப்ரவரி 2024

திருத்தம்: அவர் இப்ப மாட்டுக்கு நோவுன்னா முதல்ல வெட்டினரி டாக்டருக்கு தான் போன் போடுவார். டாக்டர் வர வரைக்கும் கொட்டகைல சும்மா நிக்க முடியாதுல்ல, அப்ப கை தானா கயித்துக்குப் போகும்னார்.

இன்னொண்ணும் சொன்னார். மாடு திங்காம சோந்து நின்னா "எறியப்பட்டிருக்கு"ன்னு பேரு, குட்டிச்சாத்தான் மாதிரி இருக்கற ஷீ கூட்டம் அம்பு விட்டிருக்குன்னு அர்த்தம். மாட்டு வைத்தியர் வந்து முழங்கைல இருந்து விரல் நுனி வரைக்கும் தன் கையால மாட்ட மூக்குல இருந்து வால் வரைக்கும் அளப்பார், திரும்ப அளப்பார், அளவு மாறினா உறுதி. அப்புறம் தோல தடவி பள்ளம் தேடுவார். உழும்போது கிடைக்கற பழைய சிக்கிமுக்கிக் கல் அம்பு முனைங்கள, கற்கால மனுஷன் செஞ்சது தான், வீட்டுல பத்திரமா வச்சிருப்பாங்க. அதையும் காசையும் தண்ணில போட்டு மாட்டுக்கு குடுப்பாங்க.

10 மார்ச் 2024

மந்திரம் பத்தி கேட்டவங்களுக்கு. ஐரிஷ்ல ஓர்ஹா. சுளுக்குக்கு ஒண்ணு இருக்கு, நூல்ல ஒம்போது முடிச்சு போட்டுக்கிட்டே எலும்புக்கு எலும்பு, நரம்புக்கு நரம்புன்னு சொல்லி கால்ல கட்டறது, தானா அறுந்து விழற வரைக்கும் அவிழ்க்கக்கூடாது. இதோட வேர தேடிப் போனா தலை சுத்துது. பழைய ஐரிஷ் கதைல நுவாடாங்கற ராஜாவுக்கு போர்ல கை போயிடும். தெய்வ வைத்தியன் டியன் கேக்ட் வெள்ளில கை செஞ்சு வைப்பான். அவன் மகன் மீயக் அது பத்தாதுன்னு நெஜக் கையவே "மூட்டுக்கு மூட்டு, நரம்புக்கு நரம்பு"ன்னு சொல்லி ஒட்ட வச்சிடுவான். அப்பனுக்கு பொறாமை, மகன வெட்டிக் கொன்னுடுவான். மீயக் சமாதில இருந்து 365 மூலிகை முளைக்கும், அவன் உடம்போட ஒவ்வொரு மூட்டுக்கும் நரம்புக்கும் ஒண்ணு. தங்கச்சி ஏர்மெட் தன் போர்வைய விரிச்சு எது எதுக்குன்னு பிரிச்சு அடுக்குவா. அப்பன் வந்து போர்வைய உதறி எல்லாத்தையும் கலந்து விட்டுடுவான். அதனால தான் எந்த மூலிகை எதுக்குன்னு யாருக்கும் முழுசா தெரியாதாம். எனக்கு இந்தக் கதைய படிச்சா ஏர்மெட் மேல தான் மனசு போகுது, அண்ணன் சமாதி முன்னாடி உக்காந்து செடி பிரிச்சுக்கிட்டிருந்த பொண்ணு.

இதே வார்த்தை ஜெர்மனில 10ம் நூற்றாண்டு மெர்செபர்க் மந்திரத்துல இருக்கு, அங்க குதிரை கால் சுளுக்குக்கு. அதர்வ வேதம் நாலாம் காண்டம் பன்னெண்டாம் சூக்தத்துலயும் மஜ்ஜைக்கு மஜ்ஜை, தோலுக்கு தோல்னு வருது. ரெண்டும் ஒண்ணு போல இருக்குன்னு அடால்பர்ட் குன்ங்கற ஜெர்மன் மொழி ஆராய்ச்சியாளர் 1864லயே எழுதிட்டார். ஒண்ணுல இருந்து ஒண்ணு வந்துச்சா, வலிக்கற எடத்த பாத்தா எந்த மனுஷனுக்கும் இந்த வார்த்தை தான் வாய்ல வருமா, எனக்கு ரெண்டும் சரின்னு படுது.

15 மார்ச் 2024

"எல்லாம் அழகா சொல்றீங்க, இதுல கெட்டது எதுவுமே இல்லியா"ன்னு கேட்டவருக்கு. இருக்கு. இன்னைக்கு தேதிய பாத்து தான் எழுதறேன். 1895 மார்ச் 15, டிப்பரரி கவுண்டி பாலிவட்லீ. பிரிஜெட் கிளியரி, இருபத்தாறு வயசு, சொந்தமா தையல் மெஷின் வச்சு சம்பாதிச்ச பொண்ணு. காய்ச்சலும் தலைவலியுமா படுத்திருந்தா. புருஷன் மைக்கேல், இது என் பொண்டாட்டி இல்ல, ஷீ கூட்டம் அவள தூக்கிட்டு போய் வேற ஒண்ண மாத்தி வச்சிருக்குன்னு நம்பினான். பால்ல காய்ச்சின மூலிகைய சொந்தக்காரங்க கை கால புடிச்சுக்க வாய்ல ஊத்தினாங்க, ஆண்டவர் பேரால நீ பிரிஜெட் தானான்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. கடைசில எரிச்சுட்டான். ஒரு வாரம் கழிச்சு பள்ளத்துல இருந்து உடம்ப எடுத்தாங்க. அவனுக்கு இருபது வருஷம் தண்டனை.

டாக்டரும் பாதிரியாரும் அந்த வீட்டுக்கு வந்து பாத்துட்டு தான் போயிருந்தாங்க. அத நெனச்சா தான் எனக்கு ஆறல. படர்தாமரைக்கு ஊதற அந்தம்மாவும் இவனும் ஒண்ணில்ல. அந்தம்மா வீட்டுக்கு நாமளா நடந்து போனோம், எந்திரிச்சு வந்துடவும் முடியும். பிரிஜெட் எந்திரிக்க முடியாம புடிச்சு வச்சாங்க. முன்னாடி இங்க எழுதினதுல எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி இனிப்பா எழுதிட்டேன்னு தோணுது.

1 மே 2024

இன்னைக்கு பழைய காலமா இருந்தா பக்கத்து வீட்டுல பால், உப்பு, நெருப்பு எதுவும் கடன் கேக்க முடியாது. மே முதல் நாள் குடுத்தா வருஷம் பூரா வெண்ணெய் அவங்களோட போயிடும். கிணத்துல முதல் தண்ணிய யார் மொண்டுடறாங்கன்னு காவல் கிடப்பாங்க, பனிய துணில இழுத்து வெண்ணெய் திருடறவங்க இருக்காங்கன்னு பயம். கிழவி முயலா மாறி வந்து பசு மடில பால் குடிச்சிட்டு போவான்னு 12ம் நூற்றாண்டுலயே ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ்ங்கற பாதிரியார் எழுதி வச்சிருக்கார். மாட்ட ரெண்டு நெருப்புக்கு நடுவுல ஓட்டி வருஷ நோவ விரட்டறது அதுக்கும் பழசு, கோர்மாக் அகராதில, சுமார் 900ம் வருஷம், இருக்கு. கொட்டகைல ரோவன் மரக்குச்சி, பசு வாலுல சிவப்பு நூல்.

ஏன் இவ்வளவு பயம்னு முதல்ல எனக்கு புரியல. பெரியவர் ஒரு வரில சொன்னார்: "வெண்ணெய் தான் வாடகை". வெண்ணெய வித்து தான் நிலத்து சொந்தக்காரனுக்கு கட்டணும், திரளலன்னா வீட்ட விட்டு எந்திரிக்கணும். அதனால வெண்ணெய் கடையற வீட்டுக்குள்ள யார் வந்தாலும் "கடவுள் ஆசி"ன்னு சொல்லி ரெண்டு குத்தாவது மத்த குத்திட்டு தான் போகணும், பேசாம போனா கண்ணு வச்சுட்டான்னு சந்தேகம். எனக்கு இதுல பிடிச்சது, வந்தவன் கையும் வேலைல சேந்துடுது. பசுவப் பாத்து "நல்லா இருக்கு"ன்னு வெறுமன சொல்லக்கூடாது, ஆசி சேர்த்து சொல்லணும். நான் இப்பவும் அப்படித்தான் சொல்றேன்.

12 மே 2024

முதல்ல திருத்தம். பிப்ரவரி 4ல போகோ மண்ண டூகஸ்ல தேடச் சொன்னேன். தப்பு. போகோ ஃபெர்மனா கவுண்டில இருக்கு, அது வட அயர்லாந்து. புள்ளைங்க எழுதினது தெற்குல இருக்கற 26 கவுண்டில மட்டும்.

போன வாரம் நானே போயிட்டு வந்தேன். முன்னாடி இந்திய பாஸ்போர்ட்ல இருந்தப்ப பார்டர் தாண்ட பிரிட்டன் விசா வேணும், இப்ப சிட்டிசன்ஷிப் வந்தாச்சு. பெரியவருக்கு கால்ல புண்ணு, ஆஸ்பத்திரில கட்டு மாத்திக்கிட்டு தான் இருக்கார், ஆனா போகோ மண்ணு ஒரு துளி வேணும்னு பிடிவாதம். அங்க ஜேம்ஸ் மெகிர்னு ஒரு பாதிரியார், 1815ல இறந்தவர், உயிரோட இருந்தப்ப நான் எதெல்லாம் சொஸ்தமாக்கினேனோ அதெல்லாத்தையும் என் மேல கிடக்கற மண்ணு சொஸ்தமாக்கும்னு சொல்லிட்டு போனாராம். கொஞ்சூண்டு எடுத்து துணில சுத்தி தலையணைக்கு கீழ வச்சுக்கணும், நாலு நாள்ல திருப்பி கொண்டு போய் போட்டே ஆகணும். 2018ல ஸ்வான்சீ யுனிவர்சிட்டி குழு அந்த மண்ணுல ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை புது பாக்டீரியா ஒண்ணு கண்டுபுடிச்சாங்க, எம்ஆர்எஸ்ஏ உட்பட மருந்துக்கு அடங்காத கிருமிங்கள ஆய்வுக்கூடத்துல அது தடுத்துச்சு. அந்தக் குழுவுல ஒருத்தர் அந்த ஊர்ப்பக்கம் சொந்தம் உள்ளவர், சின்ன வயசுலயே கேட்ட கதைய தான் தேடிப் போனார். தட்டுல தடுத்தது வேற, புண்ணுல பூசறது வேற, அதனால கட்டு மேல வைக்கவே கூடாது, தலையணைக்கு கீழ மட்டும்னு பெரியவர் கிட்ட கண்டிஷன் போட்டேன். ஒத்துக்கிட்டார், முறையே அது தானேன்னார்.

நாலாம் நாள் நைட் ட்யூட்டி முடிச்சுட்டு நேரா வண்டிய எடுத்தேன். தூறிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு முன்னாடியே ஒருத்தர் அங்க குனிஞ்சு மண்ண போட்டுக்கிட்டிருந்தார், நாங்க பேசிக்கல. அவர் போனப்புறம் முடிச்ச அவிழ்த்தேன். அதே நீலக் கயித்துல தான் பெரியவர் கட்டியிருந்தார். மண்ண கொட்டி விரலால தடவி சமமாக்கிட்டு, துணிய உதறி மடிச்சு பைல வச்சேன், அது அவர் பொண்டாட்டியோட கைக்குட்டை, பத்திரமா கொண்டு வான்னு ரெண்டு தடவை சொல்லியிருந்தார்.